மிதித்தவர்களின் விசுவாசம்

1

சின்ன வயதிலிருந்து நான் அதிகம் கேட்ட புத்திமதி ஒன்று உண்டு. "விசுவாசத்துல உறுதியா இரு." பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது கேட்டிருக்கிறேன். எஸ்.பி.எம். தேர்வுக்கு முன்னால், பாட்டி இறந்த வீட்டில், வேலை கிடைக்காமல் நான் சுற்றித் திரிந்த மாதங்களில் கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் எல்லாரும் என் நன்மையை விரும்பியவர்கள். அந்த வார்த்தையை நானும் ஒருமுறை சொன்னேன், என் அப்பாவிடம். அதன் விளைவு என்னவாயிற்று என்பதிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

அப்பா லோரி ஓட்டியவர். ஈப்போ, புந்தோங்கில் எங்கள் வீடு. இனிப்புநீர் முற்றி, ஐம்பத்தாறு வயதில் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் வேலை செய்வதை நிறுத்திக்கொண்டன. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. ஊசி குத்திக் குத்தி இடது கை நரம்பு கயிறுபோலப் புடைத்திருக்கும். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் கடைத் தேத்தண்ணியில் ஓடிய மனிதர், ஐஸ்கட்டியை வாயில் போட்டு நக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. நாங்கள் கத்தோலிக்கர்கள் என்றாலும், நண்பன் ஒருவனோடு நான் ஒரு செபக் குழுவுக்குப் போக ஆரம்பித்திருந்தேன். பாட்டு, கண்ணீர், கைதட்டல், சாட்சிகள். புற்றுநோய் போனது, கடன் தீர்ந்தது, குழந்தை பிறந்தது என்று ஒவ்வொரு வாரமும் யாராவது எழுந்து சொல்வார்கள். எங்கள் கோவிலில் இல்லாத ஒரு சூடு அங்கே இருந்தது. குழுவினர் ஒருநாள் வீட்டுக்கு வந்து அப்பாவின் தலையில் கைவைத்து செபித்தார்கள். போகும்போது அதை நடத்திய அண்ணன் சொன்னார், "அங்கிள், நீங்க சுகமாயிட்டீங்க. இனிமே அதை நம்பி நடக்கிறதுதான் பாக்கி. மெஷினை நம்புறீங்களா, அவரை நம்புறீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், "நம்புங்கப்பா. உறுதியா இருங்க."

அடுத்த செவ்வாய் அவர் போகவில்லை. வியாழனும் போகவில்லை. அம்மா கத்தினார், அழுதார், பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார். அப்பா அசையவில்லை. வெள்ளி இரவு அவரால் படுக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி, மீன் கரையில் வாயைத் திறப்பதுபோல மூச்சுக்குத் தவித்தார். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. அவசரப் பிரிவில் ஒரு மலாய்க்கார இளம் மருத்துவர், ஏன் இரண்டு தடவை வரவில்லை என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆக்ஸிஜன் முகமூடியைக் கொஞ்சம் தூக்கிவிட்டு அப்பா சொன்னார், "லூப்பா, டாக்டர்."

மறந்துவிட்டதாம்.

அந்த முறை பிழைத்துக்கொண்டார். வார்டுக்கு மாற்றிய இரண்டாம் நாள் இரவு என்னிடம் மெதுவாகக் கேட்டார், "நான் நம்புனது பத்தலையா தம்பி?"

என்னிடம் பதில் இல்லை. குழுவிடம் இருந்தது. "அங்கிளுக்குள்ள எங்கேயோ சந்தேகம் இருந்திருக்கு, பிரதர். அதான்."

2

அந்தப் பதிலைப் பல வருடங்கள் உருட்டிப் பார்த்திருக்கிறேன். அதில் ஓட்டையே கிடையாது. அதுதான் அதன் பயங்கரம். நோய் தீர்ந்தால் விசுவாசம் உறுதியாக இருந்தது. தீராவிட்டால் உறுதி போதவில்லை. எது நடந்தாலும் கணக்கு நேராகிவிடும். கணக்கை நேராக்குவதற்காக ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேய்ந்துபோகிறவர் மட்டும் நோயாளி. ஏற்கனவே உடம்பால் தண்டிக்கப்பட்டவருக்கு, அதற்குக் காரணமும் நீதான் என்று இன்னொரு தண்டனை.

இது ஒரு குழுவின் கோளாறு மட்டும் இல்லை. எங்கள் கோவிலிலும் மென்மையான குரலில் இதையேதான் சொல்வார்கள். "கடவுள் சோதிக்கிறாரு, உறுதியா இருங்க." ஏதோ உறுதி என்பது பாத்திரத்தில் உள்ள அரிசி மாதிரி, அளந்து பார்க்கலாம், பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிடலாம் என்பதுபோல.

விவிலியத்தைத் திறந்தால், விஷயம் அப்படி இல்லை. யோபுவின் கதையை எல்லாரும் பொறுமையின் கதையாகச் சொல்கிறார்கள். படித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த மனிதர் பொறுமையாக இருப்பது முதல் இரண்டு அதிகாரங்களில்தான். மூன்றாவதில் தான் பிறந்த நாளைச் சபிக்கத் தொடங்குகிறார். பிறகு பக்கம் பக்கமாகக் கடவுளோடு வழக்காடுகிறார். அவரைத் தேற்ற வந்த நண்பர்கள்தான் 'உறுதியான' பேச்சுப் பேசுகிறவர்கள். நீ ஏதோ தவறு செய்திருக்கிறாய், ஒப்புக்கொள், எல்லாம் சரியாகும் என்கிறார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுள் யாரிடம் கோபப்படுகிறார்? நண்பர்களிடம். சண்டை போட்ட யோபுதான் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசினான் என்கிறார். நண்பர்களுக்காக யோபு செபிக்க வேண்டியிருக்கிறது.

மாற்குவின் நற்செய்தியில் ஒரு தகப்பன் வருகிறார். மகனுக்கு வலிப்பு. முடிந்தால் உதவுங்கள் என்கிறார் இயேசுவிடம். நம்புகிறவனுக்கு எல்லாம் முடியும் என்று பதில் வருகிறது. அந்தத் தகப்பன் நம்புகிறேன் என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் என் நம்பிக்கையின்மைக்கு உதவுங்கள் என்று கதறுகிறார். பாதி நம்பிக்கையும் பாதி சந்தேகமுமாக நின்ற அந்த மனிதரின் பிள்ளை குணமாகிறான். இயேசு அவரிடம், போய் உன் சந்தேகத்தைத் துடைத்துவிட்டு வா என்று சொல்லவில்லை.

இருபத்திரண்டு வயதில் இந்தப் பகுதிகளையும் நான் படித்திருந்தேன். கோடுகூடப் போட்டு வைத்திருந்தேன். ஆனால், படிப்பது வேறு.

3

அப்பா அதற்குப் பிறகு இரண்டு வருடங்களுக்கு மேல் இருந்தார். ஒரு தடவைகூட டயாலிசிஸ் தவறவில்லை. அவர் போன அடுத்த வருடம்தான் சிபில் கார்த்திகேசுவின் நினைவுக்குறிப்பை முழுதாகப் படித்தேன். ஈப்போவில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயர் ஒரு சாலைப் பெயராகவாவது தெரியும். ஃபேர் பார்க்கில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது.

சிபில் யுரேசியப் பெண்மணி, சுமத்ராவின் மேடானில் 1899-இல் பிறந்தவர், தாதி. கணவர் தமிழ் மருத்துவர். ஈப்போவில் கிளினிக் நடத்திவந்தார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை நெருங்கியபோது பக்கத்திலிருந்த பாப்பானுக்குக் குடிபோனார்கள். பெயரைக் கேட்டுத் தமிழ் வாசகர்கள் குழம்ப வேண்டாம். மலாயில் 'பாப்பான்' என்றால் பலகை. ஈயம் தோண்டிய சின்ன ஊர். அங்கே அவர் காட்டிலிருந்து இரவில் வந்த ஜப்பானிய எதிர்ப்புக் கெரில்லாக்களுக்கு ரகசியமாக வைத்தியம் பார்த்தார். ஒளித்துவைத்த வானொலியில் பி.பி.சி. கேட்டுச் செய்திகளைப் பரப்பினார். 1943-இல் பிடிபட்டார். கெம்பெய்தாய் அவரை நகம் பிடுங்கி, தண்ணீரை வயிறு வீங்கக் குடிக்கவைத்து, முதுகெலும்பு கெடும்வரை அடித்துச் சித்திரவதை செய்தது. அவர் யார் பெயரையும் சொல்லவில்லை.

ஒருநாள் அவருடைய ஏழு வயது மகள் டானைக் கொண்டுவந்து மரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். கீழே தீ மூட்டினார்கள். தாயைக் கட்டிவைத்துப் பார்க்கச் செய்தார்கள். சொல்லு, இல்லாவிட்டால் பிள்ளை எரியும். குழந்தை மேலிருந்து, சொல்லாதீர்கள் அம்மா என்று கூப்பிட்டதாக சிபில் எழுதுகிறார். தாய் சொல்லவில்லை. வேறொரு ஜப்பானிய அதிகாரி குறுக்கிட்டதால் குழந்தை இறக்கப்பட்டாள்.

சிபில் ஆழ்ந்த கத்தோலிக்கர். நூலில் செபம் திரும்பத் திரும்ப வருகிறது. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் அவரை விசுவாச உறுதிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது இயல்புதான். நானும் அப்படித்தான் படிக்கத் தொடங்கினேன். ஆனால் அந்த மரத்தடிப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். அந்த அதிகாரி வராமல் போயிருந்தால்? இதை நாம் என்னவென்று சொல்லியிருப்போம்? பிள்ளையை எரியவிட்ட உறுதி என்றா?

மோட்டாரை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறு பிற்பகல் பாப்பானுக்குப் போனேன். இடிந்த கடைவீடுகள், சுவர்களைப் பிளந்து வளர்ந்த மரங்கள். பிரதான சாலையில் 74-ஆம் எண் வீடு நினைவிடமாக இருக்கிறது. வெளியே நின்று பார்த்தேன். ஒரு சாதாரணக் கடைவீடு. இந்தப் பக்கம் காய்ச்சல்காரர்கள் வந்திருப்பார்கள், அந்தப் பக்கம் இருட்டில் காட்டுக்காரர்கள் வந்திருப்பார்கள்.

அங்கே நிற்கும்போது எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஜப்பானியர்கள் சிபிலிடம் கிறிஸ்துவை மறுதலிக்கச் சொல்லவே இல்லை. அவர்கள் கேட்டது பெயர்கள். காட்டிலிருந்தவர்கள் பெரும்பாலும் சீனர்கள், கம்யூனிஸ்டுகளின் தலைமையில் இயங்கியவர்கள். கடவுளே இல்லை என்றவர்கள் அவர்களில் நிச்சயம் இருந்திருப்பார்கள். அவர்களுக்குச் சோறும் மருந்தும் கொடுத்த பாப்பான்வாசிகளின் பெயர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒரு பெயர் வெளியே வந்தால் ஒரு குடும்பம் போகும். கத்தோலிக்கப் பெண்மணி ஒருவர், தன் மதத்தைச் சேராத, தன் மதத்தை நம்பாத மனிதர்களைத் தன் வாய்க்குள் ஒளித்துவைத்திருந்தார். 'என் விசுவாசம் உறுதியாக இருக்கிறதா' என்பது அவருடைய கேள்வியாக இருந்திருக்காது. வாயைத் திறந்தால் யார் சாவார்கள் என்பதுதான் கேள்வி.

டானின் விஷயம் அப்போதும் எனக்குத் தீரவில்லை. இப்போதும் தீரவில்லை. ஊரைக் காக்கப் பிள்ளையைக் கொடுக்கலாமா என்பதற்குக் கணக்குப் போட்டு விடை சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. சிபிலும் அதை வெற்றிக் கதையாகச் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் தோன்றியது. பெயரைச் சொல்லிவிட்டவர்கள் இருந்திருப்பார்கள். அதே சிறைகளில், அதே வலியில். அவர்கள் நினைவுக்குறிப்பு எழுதுவதில்லை. அவர்கள் பெயரில் சாலைகள் இல்லை. அவர்களுடைய விசுவாசம் என்ன ஆயிற்று?

4

இந்தக் கேள்வியையே வாழ்நாள் முழுக்கக் கேட்ட ஒருவர் ஜப்பானியர் என்பது எனக்கு முதலில் விநோதமாகப் பட்டது. ஷுசாக்கு எண்டோ. அம்மாவின் விருப்பத்தால் சிறுவயதில் ஞானஸ்நானம் பெற்றவர். அந்த மதம் அம்மா தனக்குப் போட்டுவிட்ட, உடம்புக்குப் பொருந்தாத மேல்நாட்டு உடுப்பு என்று அவர் சொல்வதுண்டு. கழற்றவும் முடியவில்லை, அப்படியே போட்டுக்கொண்டிருக்கவும் முடியவில்லை. 1966-இல் வந்த அவருடைய 'மௌனம்' நாவலை ஐம்பது ஆண்டுகள் கழித்து மார்ட்டின் ஸ்கோர்செஸி படமாக எடுத்தார். இளைய வாசகர்கள் பலர் படத்தின் வழியாகத்தான் நாவலுக்குப் போயிருப்பீர்கள்.

ஜப்பானுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுபோனவர் நம்மவர்களுக்கு அந்நியரில்லை. சவேரியார். 1540-களில் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் தமிழில் செபங்களைச் சொல்லிக்கொடுத்த அதே பிரான்சிஸ் சவேரியார். அங்கிருந்து மலாக்கா வந்தார், மலாக்காவிலிருந்து 1549-இல் ஜப்பான் போனார். என் பாட்டி வீட்டுச் சுவரில் தொங்கிய சவேரியாரும் நாகசாகிக் குடியானவர்களின் சவேரியாரும் ஒருவர்தான்.

1614-இல் ஜப்பான் முழுவதும் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன்பே 1597-இல் நாகசாகியில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டிருந்தார்கள். கொன்றால் மறைசாட்சிகள் பெருகுகிறார்கள் என்பதை அதிகாரிகள் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். கொல்வதைவிட உடைப்பது நல்லது. குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டு, தலைக்கு ஏறும் இரத்தத்தால் உடனே செத்துவிடாமலிருக்கக் காதருகே சிறிதாகக் கீறிவிடுவார்கள். 1633-இல் அந்தக் குழியில் சில மணி நேரம் தொங்கியபிறகு மறுதலித்தார் கிறிஸ்டோவாவ் ஃபெரைரா. சாதாரணக் குரு அல்ல, ஜப்பானில் இயேசு சபைக்கே தலைவர். ஐரோப்பா அதிர்ந்தது.

பொதுமக்களுக்கு எளிய வழி ஒன்று இருந்தது. கிறிஸ்து அல்லது மாதாவின் உருவம் பதித்த தகடு. அதன் பெயர் ஃபுமியே. அதை மிதித்தால் நீ கிறிஸ்தவன் இல்லை. நாகசாகியில் புத்தாண்டையொட்டி ஆண்டுதோறும் வீடுவீடாக இது நடந்தது. அருங்காட்சியகத்தில் அப்படியொரு தகட்டையும், அதைச் சுற்றியிருந்த மரச்சட்டத்தில் கால்விரல்களின் கறுத்த தடத்தையும் பார்த்ததுதான் தன் நாவலுக்கு வித்து என்று எண்டோ சொல்லியிருக்கிறார். மிதிக்க மறுத்துச் செத்தவர்களின் தடம் தகட்டில் இருக்காது. இருப்பதெல்லாம் மிதித்தவர்களின் தடம்.

நாவலில் ரொட்ரிகேஸ் என்ற இளம் குரு. இரவில் சிறையில் குறட்டைச் சத்தம் கேட்டு எரிச்சலடைகிறார். அது குறட்டை இல்லை, குழியில் தொங்கும் விவசாயிகளின் முனகல். அவர்கள் ஏற்கனவே மறுதலித்துவிட்டார்கள். குரு மிதித்தால்தான் அவர்களுக்கு விடுதலை. அவருடைய உறுதிக்கு அவர்கள் தொங்குகிறார்கள். ரொட்ரிகேஸ் மிதிக்கிறார்.

நாவல் வந்தபோது ஜப்பானியக் கத்தோலிக்கர்கள் பலர் கோபப்பட்டார்கள். மறைசாட்சிகளை அவமதிப்பதாகத் தோன்றியிருக்கும். எனக்கு நாவலைவிட ஆழமாகப் பட்டது வரலாற்றில் நடந்தது.

மிதித்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். போய் என்ன செய்தார்கள்? மனம் வருந்தும் செபத்தைச் சொன்னார்கள். குருக்கள் இல்லாத காலத்தில் உண்மையான மனஸ்தாபமே மன்னிப்பைப் பெற்றுத் தரும் என்று விளக்கும் சிறுநூல் ஒன்று தடைக்கு முன்பே, 1603-இல் அவர்களிடையே வந்திருந்தது. 'கொன்சிரிசான்' என்று அதற்குப் பெயர். 'கான்ட்ரிஷன்' என்று நாம் கேட்டிருக்கும் அதே மனஸ்தாபம்தான், போர்த்துகீசிய வடிவத்தில் ஜப்பானிய நாக்குக்கு வந்தபோது அப்படி ஆகிவிட்டது. அதைக் கையால் படியெடுத்தும் மனப்பாடம் செய்தும் தலைமுறை தலைமுறையாகக் கடத்தினார்கள். மாதாவைப் புத்த தேவதையான கன்னோனின் உருவத்தில் வைத்து வணங்கினார்கள். பிள்ளைகளுக்குத் தாங்களே ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அடுத்த புத்தாண்டில் மறுபடி மிதித்தார்கள். மறுபடி வந்து அழுதார்கள்.

இப்படி இருநூறு வருடங்களுக்கு மேல். 1865 மார்ச்சில், வெளிநாட்டவருக்காக நாகசாகியின் ஓவுராவில் கட்டப்பட்ட புதிய கோவிலுக்குப் பக்கத்து உராகாமி கிராமத்திலிருந்து ஒரு சிறு கூட்டம் வந்தது. பிரெஞ்சுக் குருவிடம் ஒரு பெண், எங்கள் நெஞ்சும் உங்கள் நெஞ்சும் ஒன்றே என்ற பொருளில் மெதுவாகச் சொன்னார். மாதாவின் உருவம் எங்கே என்று கேட்டார். ஏழு தலைமுறைகள் ஒரு குருவைக்கூடப் பார்க்காதவர்கள்.

அவர்கள் யாருடைய வாரிசுகள் என்று யோசித்துப் பாருங்கள். குடும்பத்தோடு மிதிக்க மறுத்துக் குழியில் இறந்தவர்களுக்குச் சந்ததி இல்லை. ஜப்பானில் விசுவாசத்தைப் பிழைக்கவைத்தவர்கள் பெரும்பாலும் மிதித்துவிட்டு வீடு திரும்பியவர்கள். மறைசாட்சிகள் அவர்களுக்கு எதை நேசிக்க வேண்டும் என்று காட்டினார்கள். அதை அடுத்த பிள்ளையின் கையில் கொடுத்தவர்கள் உடைந்தவர்கள்.

5

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். அப்படியானால் எதை வேண்டுமானாலும் செய்துவிட்டு வீட்டில் அழுதால் போதுமா? கோழைத்தனத்துக்கு இது நல்ல சாக்கு இல்லையா?

சாக்காக ஆக்க முடியும்தான். ஆனால் உறுதியையும் சாக்காக ஆக்க முடியும் என்பதற்கு நானே சாட்சி. அப்பாவிடம் உறுதியாக இருங்கள் என்று சொன்னபோது நான் எதை இழக்கத் தயாராக இருந்தேன்? ஒன்றையும் இல்லை. நரம்பு அவருடையது, நுரையீரல் அவருடையது. நான் இன்னொருவர் உடம்பை வைத்து உறுதியாக இருந்தேன். அடுத்த வாரம் எழுந்து சொல்ல எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது என்பதையும் இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும்.

உறுதி, தளர்வு இரண்டையும் பார்க்கும்போது இப்போது நான் கேட்டுக்கொள்வது இது. இதற்கு விலை கொடுப்பது யார்? இதன் நிழலில் யார் நிற்கிறார்கள்? சிபிலின் மௌனத்துக்குப் பின்னால் ஓர் ஊர் நின்றது. விலையை முதலில் அவரே கொடுத்தார், பிறகு அவர் பிள்ளையின் உயிரே பணயமானது, அதனால்தான் அது இன்றும் உறுத்துகிறது. ரொட்ரிகேஸ் மிதித்தபோது அவர் இழந்தது தன் பெயரை, தன் குருத்துவத்தை, தன்னைப் பற்றித் தான் கட்டிவைத்திருந்த மறைசாட்சிப் படத்தை. பிழைத்தவர்கள் குழியிலிருந்த குடியானவர்கள். ஒருவர் வாயைத் திறக்கவில்லை, இன்னொருவர் காலை வைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் ஒருவர் வென்றவர், மற்றவர் தோற்றவர். இருவரும் அந்த நேரத்தில் தங்கள் விசுவாசத்தின் உறுதியைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

6

இதை இப்படி முடித்துவிட்டால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் சிபிலையும் உராகாமியையும் சேர்த்துப் படித்தவன் ஒரு தேதியைத் தாண்டிப்போக முடியாது.

உராகாமி மக்கள் 1865-இல் வெளிப்பட்டதும் மறுபடி பிடிக்கப்பட்டார்கள். 3,000-க்கும் மேற்பட்டவர்கள் நாடுகடத்தப்பட்டதுபோல வெவ்வேறு பகுதிகளுக்குச் சிதறடிக்கப்பட்டார்கள். 1873-இல் தடை நீங்கித் திரும்பி வந்தார்கள். தங்கள் முன்னோரை ஆண்டுதோறும் மிதிக்கவைத்த ஊர்த் தலைவரின் வீடிருந்த இடத்தையே வாங்கி, அதில் பேராலயம் கட்டினார்கள். 1914-இல் அது திறக்கப்பட்டது.

1945 ஆகஸ்ட் 9 காலை 11.02-க்கு நாகசாகியில் போடப்பட்ட அணுகுண்டு அந்தப் பேராலயத்திலிருந்து ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் தூரத்தில் வெடித்தது. உள்ளே குருக்கள் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களும் காத்திருந்தவர்களும் அங்கேயே இறந்தார்கள். உராகாமிக் கத்தோலிக்கர்களில் 8,000-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். இருநூறு வருட ஒடுக்குமுறையால் முடியாததை ஒரு காலைப்பொழுது ஏறக்குறைய செய்து முடித்தது.

ஆறு நாள் கழித்து ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பரில் பத்து காஜா சிறையிலிருந்து சிபில் கார்த்திகேசு வெளியே கொண்டுவரப்பட்டார்.

செபக் குழுவில் இருந்திருந்தால் நான் இதைச் சாட்சியாகச் சொல்லியிருப்பேன். சிபில் உறுதியாக இருந்தார், கடவுள் விடுவித்தார். இப்போது அந்த வாக்கியம் என் வாயில் வராது. அந்த விடுதலைக்கான கதவைத் திறந்தவற்றில் உராகாமியின் சாம்பலும் ஒன்று. பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றவர்களுக்கு உறுதி குறைவாக இருந்ததா? விடுதலையான சிபிலும் நெடுநாள் வாழவில்லை. சிகிச்சைக்காக பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள், ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள். ஜப்பானியச் சிப்பாயின் பூட்ஸ் உதைத்த தாடைக் காயம் விஷமேறி 1948 ஜூன் 12 அன்று ஸ்காட்லாந்தில் இறந்தார். அவருடைய நூல் 1954-இல்தான் வெளிவந்தது.

விசுவாசத்துக்குக் கூலி உண்டு என்ற கணக்குப் புத்தகத்தை இந்த ஒரு தேதி கிழித்துப் போட்டுவிடுகிறது. கணக்கு போன பிறகு விசுவாசத்தில் என்ன மிஞ்சுகிறது? எனக்கு நேர்மையாகத் தெரிந்த ஓர் உதாரணம்தான் இருக்கிறது.

7

அப்பா இறந்தபிறகு அம்மா செபமாலை சொல்வதை நிறுத்திவிட்டார். திருமணமான நாளிலிருந்து ஒரு இரவுகூட விடாதவர். மணிமாலை அலமாரி மேல் தட்டில் அப்படியே கிடந்தது. ஞாயிறு பூசைக்கு வருவார். பாட்டு எழும்பும்போது உதடு அசையாது. நற்கருணை வாங்க எழுந்து போகமாட்டார். நான் கேட்கப் பயந்தேன்.

ஆனால் சனிக்கிழமை மாலைகளில் கோவிலுக்குப் பூ வைக்கும் வேலையை மட்டும் விடவில்லை. சந்தையில் செவ்வந்தி வாங்கி, வாடிய பூவை அள்ளிப் போட்டு, ஜாடி கழுவி, தண்டு நறுக்கி வைப்பார். அந்த வேலையை எடுத்துக்கொள்ள வேறு ஆட்கள் இருந்தார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள் வாளியைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். பீடத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். ஒருவழியாகக் கேட்டேன், "செபம் சொல்றதில்லையாம்மா?"

"வரலடா," என்றார். "வாயத் திறந்தா கோவந்தான் வருது." கொஞ்ச நேரம் நறுக்கினார். "அதுக்காகப் பூவு வாடிப்போய் நிக்கணுமா? நாளைக்கு எத்தனையோ பேரு வருவாங்க, ஆளாளுக்கு ஒரு கஷ்டத்தோட."

உறுதி என்ற சொல்லை அம்மா பயன்படுத்தவில்லை. அவரிடம் கேட்டிருந்தால் தனக்கு விசுவாசமே போய்விட்டது என்றுகூடச் சொல்லியிருப்பார். தனக்குள் ஒன்றும் இல்லாதபோதும், நாளைக்கு வரப்போகும் யாரோ ஒருவருக்காக அந்த இடத்தைத் தயாராக வைத்திருந்தார். புத்தாண்டில் மிதித்துவிட்டு வந்து, பிள்ளைக்குச் செபத்தைச் சொல்லிக்கொடுத்த நாகசாகித் தாய்களும் ஏறக்குறைய இதைத்தான் செய்தார்கள் என்று நினைக்கிறேன். தங்களுக்கு உண்டா இல்லையா என்று தெரியாத ஒன்றை, அடுத்தவருக்கு இல்லாமல் போய்விடக்கூடாது என்று வைத்திருந்தார்கள்.

சுமார் ஒன்றரை வருடத்துக்குப் பிறகு மணிமாலை அலமாரியிலிருந்து இறங்கியது. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்ல ஒன்று பாக்கி இருக்கிறது. அவர் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, டயாலிசிஸ் முடிந்து வண்டியில் திரும்பும்போது, அந்த இரண்டு நாட்களைப் பற்றி அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். வாசகமெல்லாம் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் ஒழுங்காக வரவில்லை. அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்.

"நீ சொன்னதுக்காக மட்டும் போவாம இருக்கல தம்பி," என்றார் கடைசியில். "எனக்கும் ஆசையா இருந்துச்சி."

பிறகு, "டாக்டர்கிட்ட பொய் சொன்னதத்தான் பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன்," என்றார்.

அந்தப் பொய்யின் நிழலில் நின்றவன் நான். அப்பாவின் விசுவாசம் உறுதியானதா என்று இன்று யாராவது கேட்டால், செவ்வாயும் வியாழனும் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்ததைச் சொல்லமாட்டேன். முகமூடியைத் தூக்கிவிட்டு, மூச்சு வாங்க, "லூப்பா" என்று அவர் சொன்னதைத்தான் சொல்வேன்.